பனிமலையில் ரப்பர் செருப்பு

பனிமலைக்கு முன்னால் கோட்டு போட்டு, கழுத்தில் டை கட்டி, காலில் ரப்பர் செருப்போடு நிற்கும் மனிதரை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மாமா, என் அக்காவைக் கட்டியவர். அந்தப் போட்டோ எங்கள் வீட்டில் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள், மீசையைப் பார்த்தார்கள், பின்னாலிருந்த மலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். காலை ஒருத்தரும் பார்க்கவில்லை. பதினோரு வயசில் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்டேன். கிடைத்த பதிலை நம்பினேன்.

நம் வயசுக்காரர்களுக்கு ராயபுரத்துக் கண்ணாடி அலமாரிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டில் யார் கப்பலில் வேலை பார்க்கிறார்கள் என்பதை வாசலில் நின்றே அலமாரியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். யாரும் குளிக்காத வெளிநாட்டு சோப்பு, தீர்ந்துபோன சென்ட் பாட்டில், மிட்டாய் காலியான தகர டப்பா, தலையாட்டும் பொம்மை. பெண் கேட்டு வரும் கப்பல் மாப்பிள்ளை பூவும் பழமும் வைப்பதோடு இந்த மாதிரி சாமான்களை அடுக்கி ஒரு ஃபாரின் தட்டும் வைக்க வேண்டும். அந்தத் தட்டு வந்துவிட்டால் மேற்கொண்டு ஒரு காகிதமும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

எங்கள் நைனா ஒரு முடிவோடு இருந்தார். அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராதவர்கள். அதற்குப் பிறகும் அவர் கடலுக்குப் போனார், வேறு என்ன செய்வார். ஆனால் பெண்ணை மட்டும் மீன் பிடிக்கப் போகிறவனுக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பெரிய கப்பல்ல போறவன் வந்தா குடுப்பேன். அது முழுவாது" என்பார். பெரிய கப்பலும் முழுகும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. காதல், கீதல் என்று யாராவது வாசல்படி ஏறினால் காலை உடைப்பேன் என்பதும் அதே மூச்சில் வரும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். இறால் கம்பெனியில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மாலை வரை ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து என் கன்னத்தில் கை வைத்தாளானால் பல் கிட்டும். எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. "நான் உரிச்ச எறா ஜப்பான் போவுது, அமெரிக்கா போவுது. நான் கல்மண்டபம் தாண்டல" என்று சிரிப்பாள். அவளுடைய சிரிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மாவைவிட அக்காவைத்தான் நான் அதிகம் நம்பினேன், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாசி மாதம் கம்பெனி மேஸ்திரியம்மா வீட்டுக்கு வந்தாள். நெட்டுக்குப்பத்துப் பையன், நம்ம ஜனம்தான், தாய் தகப்பன் இல்லை, கப்பலில் இருக்கிறான், இப்போது அந்தக் கப்பல் பழுது பார்க்க நிற்பதால் ஆறு மாதம் கரையில் இருப்பான் என்றாள். அடுத்த வாரமே மாமா வந்தார். கூடவே ஃபாரின் தட்டு. அதில் மூன்று சோப்பு, ஒரு சீட்டுக்கட்டு, பிஸ்கட் டப்பா, உருண்டையான ஒரு கண்ணாடி, மூன்று போட்டோ.

கண்ணாடி உருண்டையை மாமா என் கையில்தான் கொடுத்தார். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கோபுரம். கவிழ்த்து நிமிர்த்தினால் வெள்ளைத் துகள் மெல்ல மெல்ல இறங்கும். வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாத எனக்கு ஒரு ஊரின் பனிக்காலமே கைக்குள் வந்துவிட்டது. அதைத் தொட்டால் என் கையில் லேசாக டர்பன்டைன் வாடை ஒட்டிக்கொள்ளும். மாமாவிடமும் அதே வாடைதான். கப்பல் என்றால் இப்படித்தான் மணக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோக்களில் ஒன்று இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் எடுத்தது. இன்னொன்று பிரமிடுகளுக்கு முன்னால். மூன்றாவதுதான் நான் சொன்ன பனிமலை.

"மாமா, பனி ஜில்லுனு இருக்குமாமே. செருப்போட நின்னா கால் வெறைச்சிப் பூடாதா?" என்று கேட்டேன்.

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் கதவோரம் நின்றிருந்த அக்கா முந்திக்கொண்டாள். "இன்னாடி கேள்வி இது? கம்பெனில நாங்க ஐஸ் தண்ணி மேலதான நிக்கிறோம், ரப்பர் செருப்புதான குடுக்கறாங்க? பூட்ஸ் போட்டா வழுக்கி வுட்ரும்."

நைனா தலையை ஆட்டினார். "ஆமா, ஐஸுக்கு ரப்பருதான்" என்றார். மீன் ஏலம் விடும் இடத்தில் ஐஸ் உடைப்பவன் காலிலும் ரப்பர் செருப்புதானே! எங்கள் ஊரில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சுவிட்சர்லாந்துக்காரன் ஒருத்தன் பக்கத்தில் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

அந்த மாசியும் பங்குனியும் சித்திரையும் எனக்குப் பொற்காலம். மாமா வரும்போதெல்லாம் ஏதாவது ஓர் ஊரைக் கொண்டுவருவார். ஓர் ஊரில் தெருவே தண்ணீர்தான், வாசலில் சைக்கிளுக்குப் பதில் படகு கட்டியிருப்பார்கள். ("நம்ம தெருவும் ஐப்பசில அப்படித்தான" என்று அம்மா சொன்னாள்.) இன்னோர் ஊரில் சர்க்கரை மிட்டாய் மேல் தங்க ரேக்கு ஒட்டித் தின்பார்கள். ஒரு காட்டில் முறம் அகலத்துக்குப் பூ பூக்கும், கிட்டே போனால் அழுகின மீன் வாடை அடிக்கும். ஒரு கப்பலில் ஏழாவது மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது, சுற்றிலும் கடல் இருக்கும்போது அவர்கள் குளத்தில் குளிக்கிறார்கள். இதைக் கேட்டு நைனா இரண்டு நாள் சிரித்தார்.

இதையெல்லாம் நான் வகுப்பில் போய்ச் சொல்வேன். பூகோள டீச்சர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே கேட்டார். உலகப் படத்தில் எனக்குத் தெரியாத துறைமுகம் இல்லை. டீச்சர் ஒரு நாள் அட்லஸை எனக்கே கொடுத்து, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, படிச்சி டீச்சராயிடு" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடந்து வீட்டுக்கு வரவில்லை.

மாமா சொன்ன ஊர்களைப் பற்றிப் பின்னாளில் கிடைத்த புத்தகத்தில், பேப்பரில், பொட்டலக் காகிதத்தில் எல்லாம் தேடிப் படித்தேன். முக்கால்வாசி நிஜம்தான். அந்தப் பூ இருக்கிறது, தண்ணீர்த் தெரு இருக்கிறது, தங்க ரேக்கும் இருக்கிறது. அவர் போனார் என்பது மட்டும்தான் பொய்.

பங்குனியில் நைனாவுக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்தது. கப்பல் கப்பல் என்கிறானே, எந்தக் கப்பல் என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, பவுடர் பூசி, மாமாவோடு என்னையும் இட்டுக்கொண்டு கிளம்பினாள். துறைமுகச் சுவரில் ரயில் தண்டவாளம் உள்ளே போகும் இடத்தில் ஒரு கம்பிக் கதவு இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் ஒரு கப்பலின் பின்பக்கம் மலை மாதிரி தெரியும். "இங்கியே குந்துங்க, மேலேர்ந்து கை காட்டறேன்" என்று சொல்லிவிட்டு மாமா காவல்காரரிடம் ஒரு அட்டையைக் காட்டி உள்ளே போனார்.

அக்கா வேர்க்கடலை வாங்கித் தந்தாள். கடலையை உரித்து என் வாயிலேயே போட்டாள். கொஞ்ச நேரத்தில் கப்பலின் ஏணியில் ஒரு சின்ன உருவம் ஏறியது, மேல்தளத்துக்கு வந்தது, சிவப்புத் துணி ஒன்றை எடுத்து வீசியது. மாமாவேதான். அவருக்குக் கீழே கப்பலின் முதுகில் பெரிய வெள்ளை எழுத்துகள் இருந்தன. நான் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பனாமா. என் அட்லஸில் இருந்த பனாமா! நான் எழுந்து குதித்தேன். அக்கா என் தோளைப் பிடித்து, "நல்லா பாத்துகினியா? நைனா கேட்டா நீதான் சொல்லணும், இன்னா?" என்றாள்.

அன்று சாயங்காலம் நைனா என்னை முன்னால் உட்காரவைத்துக் கேட்டார். "நீ உன் கண்ணால பாத்தியாடி?"

"பாத்தேன் நைனா. கப்பல் மேல நின்னு எனக்குக் கை காட்டுச்சி மாமா. பனாமா கப்பலு."

நைனா அம்மாவைப் பார்த்தார். "பொடுசு பொய் சொல்லாது" என்றார். மெய்தான். வீட்டில் மீன் துண்டு குறைந்தால்கூட என்னைத்தான் கேட்பார்கள், நான்தான் யார் எடுத்தது என்று சொல்வேன், நானே எடுத்திருந்தாலும் சொல்வேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது. அக்கா மாமாவோடு எங்கள் தெருவிலேயே அடுத்த சந்தில் குடிபோனாள்.

ஆடி மாதம் நைனா கடலிலிருந்து திரும்பும்போது, வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலை ஒட்டிப் படகு வந்திருக்கிறது. கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் பலகை கட்டி, அதில் உட்கார்ந்துகொண்டு நாலைந்து பேர் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்குத் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்த ஒருவன் திரும்பினான். நைனா வாயிலிருந்து, "மாப்ளே!" என்று வந்துவிட்டதாம். மாமா கையிலிருந்த பெயிண்ட் வாளி நழுவிக் கடலில் விழுந்ததாம். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் நைனாவால் தாங்க முடியவில்லை.

கப்பலுக்குக் கூலிக்குப் பெயிண்ட் அடிப்பவர் மாமா. உள்ளே போவதற்குக் காட்டிய அட்டை அந்த வேலைக்கானது. சோப்பும் சீட்டுக்கட்டும் உருண்டையும் மாலுமிகள் இரக்கப்பட்டுக் கொடுத்தவை. கதைகளும் அப்படித்தான், அரைகுறை பாஷையில் கையைக் காலை ஆட்டி அவர்கள் சொன்னவை. ஊர் ஊராகப் பெயர் எழுதின கப்பல்களுக்கு வர்ணம் பூசிய மனிதர், எந்த ஊருக்கும் போனதில்லை.

நைனா வீட்டுக்கு வந்தார். அக்கா வீட்டுக்குப் போகவில்லை, மாமாவைத் தேடவில்லை, மேஸ்திரியம்மாவைத் திட்டவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "பாத்தேன்னியேடி! கண்ணால பாத்தேன்னியே!"

"பாத்தேன் நைனா, மெய்யாலுமே பாத்தேன்" என்றேன். என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. முதல் அடி அதற்குத்தான் விழுந்தது. கண்ணாடி உருண்டையை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் கொட்டியிருந்த கருங்கல் மேல் ஓங்கி அடித்து உடைத்தார். திரும்பி வந்து மறுபடி என்னை அடித்தார். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்து வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், அவளும்தானே ஏமாந்துபோனாள் என்று அந்த அடிகளுக்கு நடுவிலும் நினைத்தேன்.

"பொய் சொல்ற வாய்க்குப் படிப்பு ஒரு கேடா" என்று நைனா சொல்லிவிட்டார். ஏழாவது தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பூகோள டீச்சர் வீடு தேடி வந்தார். நைனா முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் அட்லஸைத் திருப்பிக் கேட்கவில்லை, நானேதான் கொண்டுவந்து கொடுத்தேன். கல்யாணமானதும் அக்கா கம்பெனியை விட்டு நின்றிருந்தாள். அவள் நின்ற மேசையில், அவள் நின்ற அதே இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள். அந்த மேசையில் நான் இருபத்தாறு வருஷம் நின்றேன். என் விரல்களைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றையும் கேளுங்கள். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்ததும் நைனா மாமாவோடு ராசியாகிவிட்டார். தண்ணீரில் போகாத மருமகன் கிடைத்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "கரையிலயே கீறான்ல, அத்த முன்னாடியே சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்று அம்மாவிடம் சொன்னார். மாமாவை மன்னித்தார், மேஸ்திரியம்மாவுக்குப் பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். என்னை மட்டும் கடைசி வரைக்கும், "இது சொன்னா நம்பாதீங்க, கப்பலையே காட்டும்" என்று கேலி செய்துகொண்டே இருந்தார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

மாமா மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதுவும் வருஷமாக ஆகத் தேய்ந்துவிட்டது. பெயிண்ட்டும் துருவும் அவர் நெஞ்சில் இறங்கி, கடைசி காலத்தில் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை இருமுவார். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாண்ட நான் ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தார். அக்கா மருந்தோடு வந்துவிட்டாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். போன பங்குனியில் போய்ச் சேர்ந்தார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ வேண்டும் என்று அக்கா பீரோவைத் திறந்தாள். நானும் அவளும் மட்டும்தான் அறையில் இருந்தோம். அந்த மூன்று போட்டோக்களும் ஒரு துணிப்பையில் இருந்தன. பனிமலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத்தயே போட்டுரலாம். எவ்ளோ ஷோக்கா கீது பாரு."

"அந்தச் செருப்பு தெரியுதேக்கா" என்றேன், சும்மா விளையாட்டுக்கு.

அக்கா சிரித்தாள். எனக்கு அவ்வளவு பிடித்த அதே சிரிப்பு. "அத்த கேக்காதே. கோட்டு ஸ்டூடியோக்காரனுது, டை அவனுது. மலை வரைஞ்ச படுதாவ இறக்கச் சொன்னது நானு, இப்டி நில்லு அப்டி நில்லுன்னு சொன்னது நானு. செருப்பைக் கழட்டச் சொல்ல மறந்துட்டேன். நீ கேட்டதும் நான்தான் முந்திகினு எதையோ சொல்லி சமாளிச்சேன்."

எனக்கு உடனே புரியவில்லை. "நீ போனியா ஸ்டூடியோவுக்கு?"

"பின்ன? உன் மாமாவுக்கு இன்னா தெரியும், அது வெள்ளந்தி. கம்பெனிக்குப் பெயிண்ட் அடிக்க வந்தப்பவே எங்களுக்குள்ள பேச்சு. நைனா கப்பல்காரன்னாதான் குடுப்பேன்னு நின்னாரு. சரி, கப்பல்காரனா ஆக்கிட்டேன்."

"கப்பல் மேல ஏறிக் கை காட்டச் சொன்னது?"

"நான்தான். மேஸ்திரியம்மா சொல்லியும் நைனா முழுசா நம்பல. நீ சொன்னா நம்புவாரு. நீ பொய் சொல்ல மாட்ட, அதான் உனக்கு மெய்யைச் சொல்லல."

ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவளும் என்னைப் போல ஏமாந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக அழுதிருக்கிறேன். வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அந்த முகத்தை நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். "நைனா என்னை அடிச்சப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. தங்கச்சி பொய் சொல்லலன்னு ஒரே ஒரு வார்த்தை."

அக்கா போட்டோவைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா என்னை வெட்டிப் போட்டிருப்பாரு. உன்னை இன்னா பண்ணிட்டாரு? ஸ்கூலத்தான நிறுத்தினாரு."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளுக்கு அது உண்மையிலேயே சின்ன விஷயம்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் பேத்தி உள்ளே ஓடி வந்தாள். மூன்றாவது படிக்கிறவள். போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஆயா, தாத்தா இங்கெல்லாம் போச்சா? நீ பாத்தியா?"

அக்கா என்னைக் கை காட்டினாள். "உங்க சின்னாயாவைக் கேளு. அவதான் கண்ணால பாத்தா."

குழந்தை என் பக்கம் திரும்பியது. "மெய்யாலுமா சின்னாயா?"

"இல்லடி கண்ணு" என்றேன். "தாத்தா எங்கயும் போவல. கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சிகினு இருந்தாரு. இது ராயபுரத்துல எடுத்தது, பின்னாடி இருக்கறது துணி. உங்க ஆயா சொல்லிக் குடுத்தா, நான் நம்பிட்டேன்."

குழந்தை போட்டோவை மறுபடி பார்த்தது. "ஓ, அதான் செருப்பு போட்டுகினு கீது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டது. அக்கா போட்டோவைப் பையில் போட்டு பீரோவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

பதினாறாம் நாளுக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நானே போனேன். சந்து முனைச் சுவரில் பனிமலை போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டு. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். அக்காதான் வடை பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள், நிமிர்ந்து பார்த்தேன், வடை வைக்காமலே அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.